கரிசல் வெயிலில் முகம் வாடாதிருக்க...

எண்ணெயும் பத்து விரலும் செய்யும் வேலை என்ன? செய்யாத வேலை என்ன?

காலை ஆறு மணி. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் புறப்படுகிறார்கள். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. தலையிலே துண்டு. அந்தத் துண்டின் முனை கன்னத்தையும் காதையும் மறைத்து, தாடைக்குக் கீழே முடிச்சாக விழுந்திருக்கிறது.

பட்டணத்துக்காரர்கள் பார்த்தால், "இது என்ன வேஷம்?" என்று சிரிப்பார்கள். ஆனால் சரும வைத்திய நிபுணர்கள் சிரிக்க மாட்டார்கள். முகத்தின் இளமையைக் காப்பாற்றும் வழிகளிலெல்லாம் முதல் வழி, வெயிலை முகத்தில் படவிடாமல் மறைப்பதுதான். பத்திரிகையையும் விளம்பரத்தையும் பாராமலே இந்தப் பெண்கள் அதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள்!

அதே கிராமத்தின் மாலை நேரம் வேறு மாதிரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து திரும்பும் இளம்பெண், கடைவீதியில் ஒரு சின்னக் குழாய்க் களிம்பு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தால் வேறொரு போதனை. "முகத்தை இப்படி நீவுங்கள், கன்னத்தை இப்படி உப்புங்கள், பதினைந்தே நாளில் பத்து வயது குறைந்துவிடும்!"

தாயின் துண்டு, மகளின் களிம்பு, செல்போனின் முக யோகாசனம். இந்த மூன்றில் எது உண்மை, எது பாதி உண்மை, எது ஆபத்து? முகம் வாடிவிடக் கூடாதே என்ற கவலை உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மண்ணும் தோலும்

கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்குத் தோலின் குணத்தைப் புரியவைப்பது சுலபம். மழை பெய்தால் கரிசல் உப்பும். காலை வைத்தால் அப்பிக்கொள்ளும். கோடை வந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே அடியிலுள்ள ஈரமெல்லாம் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் கெட்டிக்கார விவசாயி மேல்மண்ணைக் கிளறி, புழுதியாக்கி, வெடிப்பை மூடி வைக்கிறான். மானாவாரி விவசாயத்தின் ரகசியமே மழையைப் பெய்ய வைப்பதில் இல்லை. பெய்த ஈரத்தைப் போகவிடாமல் காப்பதில் இருக்கிறது.

மனிதனின் தோலும் அப்படித்தான். தோலின் மேல் அடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. செங்கல் அடுக்கியது போல் அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கல்லுக்கு நடுவே சாந்து போல் கொழுப்புச் சத்து இருக்கிறது. இந்தச் சுவர் சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறாது. மேல் அடுக்கில் நீரின் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் சொரசொரத்து, வெள்ளை பூத்து, வெடிக்கத் தொடங்கும். ஐப்பசி மழை போன பிறகு வீசும் வறண்ட காற்றில் கரிசல் ஜனங்களின் உதடும் குதிகாலும் சொல்லும் கதை இதுதான்.

சுவருக்குக் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. அங்கே கொலாஜன் என்ற நாரும், எலாஸ்டின் என்ற மீள்நாரும் பின்னிக் கிடக்கின்றன. கட்டிலுக்குக் கயிறு எப்படியோ, முகத்துக்கு இவை அப்படி. கயிறு தளர்ந்தால் கட்டில் குழி விழும்; நார் தளர்ந்தால் முகத்தில் சுருக்கம் விழும். இருபது வயதைத் தாண்டியதுமே கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இந்தக் குறைவு வேகமாகிறது. இது இயற்கை. இதை அடியோடு நிறுத்துவதற்கு இன்றுவரை ஒரு மருந்தும் கிடையாது.

ஆனால் இயற்கையைவிட வேகமாக அந்தக் கயிற்றை அறுக்கும் எதிரி ஒன்று உண்டு. அதுதான் வெயில்.

ஒரே முகத்தில் இரண்டு வயது!

2012-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் வெளியாயிற்று. பார்த்தவர்கள் திகைத்தார்கள். 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. வலப்பக்கம் பார்த்தால் வயதுக்கேற்ற முகம். இடப்பக்கம் பார்த்தால் தோல் தடித்து, ஆழமான சுருக்கங்கள் விழுந்து, பல வயது மூத்தவர் போலத் தெரிந்தது. ஒரே மனிதருக்கு இரண்டு முகமா?

காரணம் எளியது. அவர் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநரின் ஆசனம் இடது பக்கம். இத்தனை ஆண்டுகளும் ஜன்னல் வெயில் அவருடைய இடது கன்னத்திலேயே பட்டிருக்கிறது. கண்ணாடி ஏற்றியிருந்தாலும் தப்பிக்க முடியவில்லை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை கண்ணாடியையும் ஊடுருவும். தோலின் அடி அடுக்கு வரை போகும். கொலாஜன் நாரைச் சிதைக்கும்.

அமெரிக்காவின் வெயிலே இப்படிச் செய்யுமானால், பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே, நிழலுக்கு மரமில்லாத கரிசல் காட்டின் வெயில் என்ன செய்யாது? தலையில் துண்டு கட்டி, புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் தாய்மார்கள் எவ்வளவு புத்திசாலிகள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா!

ஆகவே முதல் பாடம் இது. முகத்தை நீவுவதும், முகத்துக்கு ஆசனம் போடுவதும் இரண்டாவது, மூன்றாவது வேலைகள். முதல் வேலை நிழல். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவே குடையோ, துண்டோ, அகன்ற தொப்பியோ இல்லாமல் வெளியே போக வேண்டாம். வசதியுள்ளவர்கள் எஸ்.பி.எஃப். 30 என்று அச்சிட்ட வெயில் தடுப்புக் களிம்பைப் பூசிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் போதும் என்று நினைப்பது தவறு. எண்ணெய் ஈரத்தைக் காக்கும், வெயிலைத் தடுக்காது.

வாணியனுக்குக் கொடு!

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தக் காலத்தில் ஊர்தோறும் மரச்செக்கு சுற்றியது. எள் ஆட்டினால் நல்லெண்ணெய். கடலை ஆட்டினால் கடலை எண்ணெய். ஆமணக்கைக் காய்ச்சி எடுத்தால் விளக்கெண்ணெய். பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை என்று வாரம் ஒரு நாள் எண்ணெய்க் குளியல் தவறாமல் நடந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, அரப்பும் சீயக்காயும் பாசிப்பயற்று மாவும் போட்டுக் குளிப்பார்கள். வறண்ட பூமிக்கு அது ஆடம்பரமல்ல, அவசியம். விவசாயி மேல்மண்ணைப் புழுதியாக்கி ஈரத்தைக் காத்தான். அவன் மனைவி எண்ணெய் பூசித் தோலின் ஈரத்தைக் காத்தாள்.

இன்றைய ஆராய்ச்சியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுள்ள 34 பேரிடம் ஒரு பரீட்சை நடந்தது. சிலருக்குத் தேங்காய் எண்ணெய். சிலருக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் கனிம எண்ணெய். எது எவருக்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தேங்காய் எண்ணெய் மற்றதற்குச் சற்றும் சளைக்கவில்லை.

ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. 2013-ல் இங்கிலாந்தில் 19 பேரிடம் நடத்திய சோதனையில், ஆலிவ் எண்ணெய் தோலின் மேல் சுவரைப் பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. விலை அதிகம், வெளிநாட்டுச் சரக்கு என்பதால் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

எண்ணெயோடு கைவிரலும் சேரும்போது என்ன நடக்கிறது? 2018-ல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சி ஒன்றில் கன்னத்தை ஓர் உருளையால் ஐந்து நிமிடம் நீவிவிட்டு அளந்து பார்த்தார்கள். நீவிய கன்னத்தில் பத்து நிமிடத்துக்கு மேலாகியும் ரத்த ஓட்டம் கூடுதலாகவே இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் முகத்தில் காணும் தெளிச்சிக்கு இது ஒரு காரணம். காலையில் கண்ணடியில் காணும் வீக்கமும், மெதுவாக நீவிவிட்டால் வடியும். ஆனால் இந்தப் பலன்கள் சில மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. நீவுவதால் அறுந்த கொலாஜன் நார் மறுபடி முளைத்துவிடும் என்பதற்குத் திடமான ஆதாரம் கிடையாது.

ஆச்சியின் கை

முகத்தை நீவும் கலை கரிசல் சீமைக்குப் புதிதல்ல. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆச்சி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தொட்டு நெற்றியை நீவி, மூக்கை நீவி, தாடையை நீவிக் குளிப்பாட்டுவாள். "மூக்கு எடுப்பா இருக்கணும் தாயி, இப்பவே நீவி விட்டாத்தான் உண்டு" என்பாள்.

பிள்ளைக்கு அந்தக் கைச்சூடு சுகம். உறக்கம் நன்றாக வரும். ஆனால் மூக்கின் வடிவம் நீவலால் மாறுவதில்லை. அது தாய் தந்தையிடமிருந்து வருவது. பிள்ளையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும் கூடவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும் என்று குழந்தை வைத்தியர்கள் ஓயாமல் எச்சரிக்கிறார்கள். ஆச்சியின் அன்பு வேண்டும். ஆச்சியின் எண்ணெய்க் கிண்ணம் மூக்கருகே வர வேண்டாம்!

முகத்தை நீவும் முறை

பெரியவர்கள் தாங்களே முகத்தை நீவிக்கொள்ளும் முறை இதோ. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். முகத்தையும் வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காயுமுன்னே, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஆறேழு சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்து முகம் முழுதும் பரப்புங்கள்.

நெற்றி: புருவத்தின் நடுவிலிருந்து மயிர் முளைக்கும் இடம் வரை, ஒரு கை மாற்றி ஒரு கையாக மேல்நோக்கி நீவுங்கள். பத்துத் தடவை.

கண்: மோதிர விரல் பலம் குறைந்த விரல்களில் ஒன்று. அதனால் கண்ணைச் சுற்றி அந்த விரலை மட்டும் உபயோகியுங்கள். இமைக்குக் கீழேயுள்ள எலும்பின்மேல், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, பூவைத் தொடுவதுபோல் தொட்டுச் செல்லுங்கள். கண்ணைத் தேய்க்கக் கூடாது.

கன்னம்: மூக்கின் ஓரத்திலிருந்து காதுவரை, பிறகு வாயின் ஓரத்திலிருந்து காதுவரை. தோலை இழுக்காமல், விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

தாடை: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தாடை எலும்பை மெதுவாகப் பிடித்து, நடுவிலிருந்து காதடிவரை வாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு இது நல்ல இளைப்பாறுதல்.

கடைசியில் காதின் பின்புறமிருந்து கழுத்தின் ஓரமாகத் தோள்வரை, மிக மெல்ல, கீழ்நோக்கி இறக்குங்கள். முகத்தில் தேங்கும் நிணநீர் வடியும் பாதை அதுதான்.

பத்து நிமிடம் கழித்துப் பாசிப்பயற்று மாவைக் குழைத்து, அழுத்தித் தேய்க்காமல் பூசிக் கழுவிவிடுங்கள். எண்ணெய் வழியும் முகத்துடன் தூங்க வேண்டியதில்லை.

திருமூலர் சொன்ன சிங்காதனம்

முகத்துக்குப் பயிற்சி என்பது ஏதோ அமெரிக்க நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. திருமூலர் திருமந்திரத்தில் ஆசனங்களைச் சொல்லுமிடத்தில் சிங்காதனத்தையும் சொல்லியிருக்கிறார். கைகளை முழங்காலில் நீட்டி, வாயை அழகுற அகலத் திறந்து, பார்வையை மூக்கு நுனியில் நிறுத்துவது அந்த ஆசனம். வடமொழியில் ஹடயோகப் பிரதீபிகை என்ற நூல் சிறப்பாக எடுத்துச் சொல்லும் நான்கு ஆசனங்களில் இந்தச் சிம்மாசனமும் ஒன்று. ஆனால் அந்தச் சித்தர்கள் சுருக்கம் போகவேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. மனம் ஒடுங்கவேண்டும் என்று திறந்தார்கள்!

முகத் தசைகளை வசப்படுத்தும் வித்தையின் உச்சத்தைக் காண வேண்டுமானால் மலைக்கு மேற்கே போக வேண்டும். வள்ளத்தோள் நாராயண மேனன் 1930-ல் தோற்றுவித்த கேரள கலாமண்டலத்தில் கதகளி மாணவர்கள், விடியுமுன் எழுந்து கண்ணில் நெய்யிட்டுக் கண்பயிற்சி செய்வது நெடுநாள் வழக்கம். புருவம், இமை, கன்னம், உதடு ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்கப் பல வருஷம் சாதகம் செய்வார்கள். கண்ணாலேயே நவரசமும் காட்டிய மாணி மாதவ சாக்கியார் 1990-ல் தம் 90-வது வயதுக்கு மேல் காலமானார். முகம் என்பது பயிற்சிக்குக் கட்டுப்படும் உறுப்பு என்பதற்கு இந்தக் கலைஞர்களே சாட்சி.

சிகாகோ பரீட்சை

சரி, பயிற்சியால் முகம் இளமையாகத் தெரியுமா? இதற்கு விடை காண சிகாகோ நகரிலுள்ள நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் டாக்டர் முராத் ஆலம் என்ற சரும வைத்தியர் ஒரு சோதனை நடத்தினார். முடிவு 2018 ஜனவரியில் வெளியாயிற்று.

40 முதல் 65 வயதுள்ள 27 பெண்மணிகள் சோதனையில் சேர்ந்தார்கள். மொத்தம் 32 பயிற்சிகள். முதல் எட்டு வாரம் தினமும் 30 நிமிடம். பிறகு 20-வது வாரம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள். முன்னும் பின்னும் எடுத்த படங்களை வேறு வைத்தியர்கள் பார்த்து வயதை மதிப்பிட்டார்கள். தொடக்கத்தில் சராசரி 50.8 வயது என்று மதிப்பிட்டவர்கள், எட்டு வாரத்தில் 49.6 என்றார்கள்; 20 வாரத்தில் 48.1 என்றார்கள். கன்னத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சற்றே நிரம்பித் தெரிந்தன.

காரணம் இதுதான். வயதாக ஆக முகத்துக் கொழுப்பு மெலிந்து கன்னம் ஒட்டும். கீழேயுள்ள தசை பருத்தால், ஒட்டிய இடம் கொஞ்சம் நிரம்பும்.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமல்லவா? சேர்ந்த 27 பேரில் கடைசிவரை நின்றவர்கள் 16 பேர்தான். பயிற்சி செய்யாத வேறொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஐந்து மாத உழைப்புக்குக் கிடைத்தது மூன்று வயதுக்கும் குறைவு. பதினைந்து நாளில் பத்து வயது குறையும் என்று செல்போனில் சொல்பவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்களோ!

இன்னொரு விஷயமும் உண்டு. உடம்பின் மற்றத் தசைகள் பெரும்பாலும் எலும்போடு எலும்பைப் பிணைக்கும். முகத்துத் தசைகளோ தோலையே பிடித்து இழுப்பவை. அதனால்தான் ஓயாமல் நெற்றியைச் சுருக்குபவர்களுக்கு நெற்றியில் கோடு விழுகிறது. போட்டாக்ஸ் ஊசி அந்தத் தசைகளைத் தளரச் செய்துதான் கோட்டை மறைக்கிறது. ஆகவே நெற்றியைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி வேண்டாம். கன்னத்துக்கும் தாடைக்கும் மட்டும் பயிற்சி போதும்.

செய்து பார்க்க மூன்று பயிற்சிகள்

ஒன்று: வாயை 'ஓ' என்று திறந்து, மேலுதட்டைப் பல்லின்மேல் மடித்துக்கொள்ளுங்கள். அப்படியே சிரியுங்கள். கன்னம் மேலே ஏறும். ஏறிய இடத்தில் விரலை இலேசாக வையுங்கள். கன்னத்தை இறக்குங்கள், மறுபடி ஏற்றுங்கள். பத்துத் தடவை.

இரண்டு: வாய் நிறையக் காற்றை அடக்கி, வலக் கன்னத்திலிருந்து இடக் கன்னத்துக்கும், அங்கிருந்து மேலுதட்டுக்கும் உருட்டுங்கள். அரை நிமிடம்.

மூன்று: சிங்காதனம். மூச்சை நன்றாக இழுத்து, வாயை அகலத் திறந்து, நாக்கை வெளியே நீட்டி, 'ஹா' என்று மூச்சை விடுங்கள். ஐந்து தடவை. பிள்ளைகளும் கூடச் செய்தால் வீடு முழுதும் சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்பும் ஒரு பயிற்சிதான்!

தாடை மூட்டில் வலியோ, 'களுக்' என்ற சத்தமோ உள்ளவர்கள் வாயை அகலத் திறக்கும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.

வாய் கோணினால் வைத்தியரிடம் ஓடுங்கள்

முகப் பயிற்சியால் மெய்யாகவே வாழ்வு பெறுகிறவர்கள் அழகு தேடுவோர் அல்லர், முகவாதம் வந்தவர்கள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும், கண் மூடாது, குடித்த தண்ணீர் கடைவாயில் வழியும். "பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாயா? குளிர்காற்று அடித்திருக்கும்" என்று சொல்லி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் பலர்.

அது பெருந்தவறு. முக நரம்பு வீங்கி அடைபடுவதால் வரும் இந்த வியாதிக்கு, 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியம், வந்திருப்பது முகவாதம்தானா, மூளையில் ரத்தக்குழாய் அடைத்த பக்கவாதமா என்று பார்ப்பது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும்; ஆனால் வாய் கோணும்; கை கால் சோரும்; பேச்சுக் குழறும். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

முகவாதம் வந்து நெடுநாளாகியும் முகம் நேராகாதவர்களுக்கு நெதர்லாந்து தேசத்தில் ஊமைக்கூத்து நடிகர்களின் பயிற்சியையே வைத்தியமாக்கினார்கள். 50 பேரிடம் மூன்று மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. பயிற்சி பெற்றவர்களின் முகம் மற்றவர்களைவிட நன்றாகச் சீர்பட்டிருந்தது. இதை இயன்முறை வைத்தியரிடம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

ஜாக்கிரதை!

சீழ் வைத்த பருவுள்ள முகத்தை நீவக் கூடாது. பரு பரவும், தழும்பு மிஞ்சும். கன்னத்தில் மங்கு விழுந்தவர்கள் அழுத்தித் தேய்க்கக் கூடாது. உராய்வில் மங்கு கருக்கும். எண்ணெய் பட்டால் தடிப்பும் அரிப்பும் வருகிறவர்கள் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே அழுத்திப் பிடிக்கக் கூடாது. முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறிப்பதும் ஆபத்து. அழகு நிலையத்தில் தலை அலசக் கழுத்தைப் பின்னால் வெகுநேரம் மடக்கியிருந்த ஐந்து பெண்மணிகளுக்கு மூளைப் பாதிப்பு ஏற்பட்டதை மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பு வைத்தியர் 1993-லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

குழாய்க்குள் விஷம்

இனி, அந்த இளம்பெண்ணின் கைப்பையில் இருக்கும் களிம்புக்கு வருவோம். வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால், அதற்குள் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஒன்று ஸ்டீராய்டு. இது தோல் வியாதிக்கு டாக்டர் கணக்காகக் கொடுக்கும் மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் காகிதமாக மெலியும், ரத்தநாளம் சிவப்பாகத் தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

மற்றொன்று பாதரசம். கேரளத்தில் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக வியாதியுடன் வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே அடையாளம் தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது. பாதரசம் கலந்த அழகுசாதனங்களை ஒழிக்க வேண்டும் என்ற மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் தயாரிப்பாளர் விலாசம் இல்லாத குழாய்கள் கடைகளில் புகுந்துகொண்டுதான் இருக்கின்றன. விலாசம், லைசென்ஸ் எண், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் மூன்றும் இல்லாத களிம்பைக் கையால் தொடவும் வேண்டாம்.

கருப்பு மண்ணின் பெருமை

இந்தப் பெண்கள் ஏன் அந்தக் குழாயை வாங்குகிறார்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பொண்ணு என்ன நிறம்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தீப்பெட்டி ஆபீஸில் சம்பாதித்த காசு களிம்புக் கடைக்குப் போகிறது. குற்றம் பெண்ணின் முகத்தில் இல்லை. கேட்கிறவர்களின் வாயில் இருக்கிறது.

கருநிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. அது வெயிலுக்கு இயற்கை பிடித்திருக்கும் குடை. வெளுத்த தோலைவிடக் கருத்த தோலில் சுருக்கம் தாமதித்தே விழுகிறது. அந்தக் குடையைக் காசு கொடுத்துக் கிழிப்பவர்களை என்னவென்று சொல்வது!

கரிசல் சீமையில் நிலம் வாங்க வருகிறவன் மண்ணை ஒரு கை அள்ளிப் பார்ப்பான். கருகருவென்று இருந்தால் அவன் முகம் மலரும். செம்மண்ணைவிட இது ஈரம் பிடிக்கும், பருத்தியும் பயறும் தரும் என்பது அவனுக்குத் தெரியும். மண்ணில் கருப்பை மெச்சுகிறவன், மகளின் முகத்தில் மட்டும் அதைக் குறையாகக் காணலாமா?

தலைக்குத் துண்டு, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல், ஐந்து நிமிட நீவல், நல்ல தூக்கம். அதற்கு மேல் முகத்தில் விழும் கோடுகள் விழட்டும். உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய முகத்தில் விழும் அந்தக் கோடுகளை அழிக்க ஒரு களிம்பும் வேண்டியதில்லை.